உமிழ்நீர் விசாரணைக் குழு

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது கட்டடங்களை ஒப்படைத்தார்கள், மேசை நாற்காலிகளை ஒப்படைத்தார்கள், சிப்பாய்களின் சிவப்புத் தொப்பிகளைக்கூட ஒப்படைத்தார்கள். கமர் நிஷாவின் வாய் வறண்டு கிடந்ததைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த விடுபாடுதான் மூலகாரணம் என்று குழுத் தலைவர் டாக்டர் குஞ்சிதபாதம் ஒரு கூட்டத்தில் பேசினார். அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வேடிக்கையாக எதையும் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் அவர்.

கமர் நிஷா, தாவூதின் மனைவி. அவள் வாயில் ஈரம் என்பதே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உதடு வெடித்திருக்கும். சோற்றைக் கஞ்சியாகக் கரைத்தால்தான் இறங்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் இரண்டு சொல் வரும், அதற்குள் காய்ந்துவிடும். கண்ணிலும் ஈரம் வற்றியிருந்ததால் அவளால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை. ஹக்கீம் உடம்பில் சூடு என்றார். ஆஸ்பத்திரியில் நாக்கில் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தார், பிள்ளையைப் பறிகொடுத்தவள், அழுது அழுது உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

தாவூது சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தவர். மகள் சல்மாவைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறினார். சண்டை வந்தது, கப்பல் நின்றது, பிறகு வேறொரு சண்டை வந்தது. கடைசியில் அவர் ஊர் திரும்பியபோது கையில் மீன் படம் போட்ட காகிதக் குடை ஒன்று இருந்தது. குடைக்கு உரியவள் அடக்கமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சபர் போய் வெளியூரில் இருக்கும் மனிதருக்கு வீட்டில் நடந்த மௌத்தை, சாவுச் செய்தியை, எழுத மாட்டார்கள். கடல் கடந்து இருப்பவன் மனம் உடைந்துபோனால் அங்கே தேற்ற யார் இருக்கிறார்கள் என்ற நல்லெண்ணம்தான். பெண்பிள்ளைகளுக்கு ஓதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்களே தவிர, எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. கடுதாசி எழுதியவர்கள் பிறத்தியார். அவர்கள் வழக்கத்தை மீறாமல், அடக்கம் செய்த பிறகும் ஒவ்வொரு கடுதாசியின் முடிவிலும் ‘சல்மா தங்களுக்கு சலாம் சொல்கிறாள்’ என்று எழுதி அனுப்பினார்கள். தாவூதும் பதில் சலாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனாள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதை எல்லாரும் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கடைசி மூன்று நாளும் பக்கத்தில் இருந்தவள் கமர் நிஷா ஒருத்திதான். அவளிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து “பாட்டு” என்றாள், “சல்மா” என்றாள், “உங்களுக்கு” என்றாள். பாட ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. காற்று மட்டும் வந்தது. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் காற்றுதான் வந்தது.

இந்த இடத்தில்தான் சேக் அலாவுதீன் வருகிறார். சைகோனுக்கு அடுத்த சோலோனில், ஒரு சீனத்து ஊசி வைத்தியருக்குப் பக்கத்தில் கைலிக் கடை வைத்திருந்தவர். கடையில் வியாபாரம் இல்லாத பொழுதெல்லாம் வைத்தியர் உடம்பில் ஊசி குத்துவதை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். எல்லா இடமும் அவருக்குத் தெரியாது. விக்கலுக்கு ஓர் இடம், தலைவலிக்கு ஓர் இடம், வாயில் தண்ணீர் ஊறுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். ஏன் ஊறுகிறது என்று கேட்டால், சீனனுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான் என்பார். பீற்றிக்கொள்வதில் மட்டும் அவர் முழு வைத்தியர்.

ஒரு வியாழக்கிழமை அலாவுதீன் தலைமுடி பருமனுள்ள ஊசிகளைக் கொண்டுவந்து, மோவாய்க் குழியில் ஒன்றும் கைகளில் இரண்டுமாகக் குத்தினார். கமர் நிஷா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தொண்டை அசைந்தது. விழுங்கினாள். திடுக்கிட்டு, மறுபடியும் விழுங்கிப் பார்த்தாள். அப்புறம் ஒரு பொறை ரொட்டியை எடுத்துத் தேத்தண்ணீரில் தோய்க்காமல் கடித்துத் தின்றாள். தாவூது அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெண்டாட்டி பொறை தின்பதைப் பார்த்து ஓர் ஆண்பிள்ளை அழுவான் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

பிறகு அவள் பேசினாள். விட்டுப்போன வருஷத்தையெல்லாம் பேசினாள். பிள்ளை நடந்தது, பல் விழுந்தது, தெருவில் போகிற வருகிற ஆண்களை எல்லாம் வாப்பா என்று கூப்பிட்டு மானத்தை வாங்கியது. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், வாப்பாவுக்கு என்று சல்மா தானே ஒரு பாட்டுக் கட்டினாளாம்.

“கடுதாசில எழுத வேணாம்மா, எழுதுறவங்க மாத்திடுவாங்க, நீயே பாடிக் காட்டுன்னு சொன்னா. எனக்குச் சொல்லிக் குடுத்தா, மச்சான். ராகம் பிசகுனா முழிச்சுக்குவா. திரும்பப் பாடச் சொல்லுவா. நான் சரியாப் பாடுன பொறகுதான் தூங்குனா. அப்பறம் எந்திரிக்கல. தெனமும் படுக்கையில மனசுக்குள்ள ஒரு தடவை பாடிட்டுத்தான் தூங்குறேன். அமானிதம் அது, ஒங்கள்ட்ட சேக்கச் சொல்லி பிள்ளை நம்பிக் குடுத்தது. மறந்துடக் கூடாதுல்ல.”

பாட என்று வாயைத் திறந்தாள். ஊறியது அத்தனையும் பேச்சில் தீர்ந்துபோயிருந்தது. காற்று வந்தது. முதலில் பாட்டைப் பாடாமல் கண்டதையும் பேசி வீணாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அலாவுதீன் சமாதானம் சொன்னார். வாரம் ஒருமுறைதான் குத்த வேண்டும், அடுத்த வியாழன் பாட்டுத்தான் முதல் வேலை என்றார்.

அந்த ஒரு வாரத்தில் தாவூது செய்த காரியத்தைக் காரைக்கால்காரன் மட்டும்தான் செய்வான். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பிள்ளை பிறந்தால் சர்க்காரிடம் போய்ச் சொல்ல வேண்டும், கல்யாணம் என்றால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நடந்தது என்று அர்த்தம், சொல்லாமல் நடந்தால் குற்றம். சைகோனிலும் இதே சட்டம்தான். இப்போது வந்திருப்பது புது சர்க்கார், ஊசியோ சீனத்து ஊசி. முறையாகச் சொல்லிவிட்டால் வம்பில்லை என்று அலாவுதீனுக்கும் தோன்றியது. தாவூது தலையில் தொப்பியும் கையில் ஊசிப் பெட்டியுமாக ஆபீசுக்குப் போய், என் பெண்டாட்டி வாயில் தண்ணீர் ஊறியது என்று அறிவித்தார்.

அங்கே தெட்சிணாமூர்த்தி என்ற காரியதரிசி இருந்தார். மெட்ராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். கேட்காமலே வந்து சர்க்காரிடம் உண்மையைச் சொல்லும் மனிதரை அவர் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. ஆகவே சந்தேகப்பட்டார். ஊசிப் பெட்டியை வாங்கி அரக்கு முத்திரை வைத்தார். ஊசி குத்துவது ரண வைத்தியமா, தையல் தொழிலா, சுங்கமா என்று தெரியாததால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு குழு அமைக்கும்படி மேலே எழுதினார். மேலே இருந்தவர்களுக்கும் அன்று வேறு வேலை இல்லை.

அந்த வியாழக்கிழமை கமர் நிஷா காலையிலேயே குளித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஊசிக்காகக் காத்திருந்தாள். அலாவுதீன் தையல் ஊசியை நெருப்பில் காட்டிக் குத்திப் பார்த்தார். ரத்தம்தான் ஊறியது.

உமிழ்நீர் விசாரணைக் குழுவுக்கு டாக்டர் குஞ்சிதபாதம் தலைவர், தெட்சிணாமூர்த்தி காரியதரிசி. பழைய ஆட்சியில் பெரிய பதவியில் இருந்ததால் இன்னும் பிரெஞ்சு மரியாதையோடு ‘முசே’ என்றே அழைக்கப்பட்ட தியாகராசன் அங்கத்தினர். முசே தியாகராசன் கைத்தடியோடு வருவார். அவர்கள் காலத்தில் ஒருவருக்கும் வாய் வறண்டதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். அந்த வாக்கியம் ஒவ்வொரு தடவையும் பதிவு செய்யப்பட்டது.

முதலில் வாய் வறண்டிருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு நோயாளி, அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளையில் உமிழ்நீரைத் துப்பித் தர வேண்டும். துப்ப முடிந்தால் வியாதி இல்லை, முடியாவிட்டால் வியாதி என்று தாவூது நினைத்தார். அவருக்கு விஷயம் புரியவில்லை. காலிக் குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், மாதிரி சமர்ப்பிக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார் தெட்சிணாமூர்த்தி. எச்சில் இல்லை என்பதுதானே ஐயா முறையீடே என்றார் தாவூது. அதைத்தான் எச்சிலைக் கொண்டு நிரூபிக்கச் சொல்கிறோம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கோபப்படாத மனிதர். கோபப்பட்டிருந்தால்கூட மனிதன் என்று ஒரு நம்பிக்கை வந்திருக்கும்.

அடுத்து, சராசரிப் பிரஜைக்கு வாயில் எவ்வளவு ஊற வேண்டும் என்ற கேள்வி வந்தது. குமாஸ்தாக்களை வரிசையாக நிற்கவைத்துப் புளியங்காயைக் காட்டி அளந்தார்கள். செல்லக்கண்ணு என்ற பியூனுக்குத் தலைவரைவிட அதிகமாக ஊறிவிட்டது. அந்த அளவு ஒழுங்கீனம் என்று தள்ளப்பட்டு, தலைவரின் எச்சிலே பிரதேசத்தின் தரமாக ஏற்கப்பட்டது. அது ஒரு சீசாவில், யாரும் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அலமாரியில் வைக்கப்பட்டது.

ஊசியையும் சோதித்தார்கள். ஒரு கத்தரிக்காயில் குத்தி ஒரு பகல் முழுக்கப் பார்த்ததில், கத்தரிக்காய்க்குக் கெடுதி ஒன்றும் நேரவில்லை, முறையீடும் இல்லை என்று குறித்தார் காரியதரிசி. அன்று மாலை கத்தரிக்காயைக் காணவில்லை. அதற்கு ஒரு தனி விசாரணை நடந்தது.

தாவூது வாரா வாரம் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். வீட்டில் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கஞ்சியும் இறங்கச் சிரமப்பட்டது. அவர் திரும்பி வரும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பாள். இவர் அடுத்த வாரம் என்று கையைக் காட்டுவார். இரவில் அவள் உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பாட்டை மனசுக்குள் பாடி வைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தம் பிள்ளையின் பாட்டு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது, நடுவே நிற்பது ஒரு சர்க்கார்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் கூட்டம் நடக்கும் அறைக்குள்ளேயே போய்விட்டார். பெரிய மனசு பண்ணி ஒரே ஒரு தடவை குத்த அனுமதி கொடுங்கள், பிறகு ஊசியைக் கடலில் வேண்டுமானாலும் போடுங்கள் என்று கைகூப்பினார். டாக்டர் குஞ்சிதபாதம் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

“பாய், நீங்கள் அவசரப்படுகிறீர்கள். இந்த அம்மாவின் வாய் வறண்டது போன சர்க்கார் காலத்தில். இந்தச் சர்க்கார் ஊறவைத்தால் நாளைக்கு அவர்கள் வந்து, வறட்சி எங்களுடையது, அதைக் கெடுக்க நீங்கள் யார் என்று கேட்க மாட்டார்களா? நம் ஊர் இன்னும் உடன்படிக்கைப்படி முழுசாகக் கைமாறவில்லை. ஆட்சிதான் மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை. ஓர் அம்மாவின் வாயால் இரண்டு தேசங்களுக்குள் மனஸ்தாபம் வரலாமா? நோயாளி காத்திருக்கலாம். நோயாளிக்கு வேறு என்ன வேலை? ஆனால் ஒரு குழு தப்பாக முடிவெடுத்துவிட்டால் அந்தக் குழுவின் கதி என்ன? அதை யாராவது யோசித்தீர்களா?”

யாரும் யோசித்திருக்கவில்லை என்பதால் எல்லாரும் தலைகுனிந்தார்கள். முசே தியாகராசன் விழித்துக்கொண்டு கைதட்டினார்.

கடைசியில் எப்படி அனுமதி வந்தது என்றால், புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டுவதற்குக் காரைக்காலில் புதிதாக ஒன்றும் இல்லை. பாலம் ஆரம்பிக்கவில்லை, குழாய் போடவில்லை. உடனே முடித்துக் காட்டக்கூடியதாக இருந்தது கமர் நிஷாவின் வாய் ஒன்றுதான். உடனே குழு கூடி, ஊசி தீங்கற்றது என்றும், ஒரு பொது நிகழ்ச்சியில், மேடையில், ஒரே ஒரு தடவை குத்தலாம் என்றும் தீர்மானித்தது. தண்ணீர் ஊறியதும் நோயாளி அரசாங்கத்துக்கு நன்றி கூற வேண்டும். நன்றியுரையை தெட்சிணாமூர்த்தியே எழுதிக் கொடுத்தார்.

கோஷாப் பெண்ணை மேடையில் ஏற்றுவதா என்று தெருவே முணுமுணுத்தது. திரை கட்டித் தருகிறோம், ஆனால் வாய் மட்டும் சபைக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். தாவூதுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் புள்ள, அப்படி ஒரு பாட்டு நமக்கு வேண்டாம் என்றார். கமர் நிஷா நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். “அமானிதம்” என்றாள். மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். நெரவியிலிருந்து பாண்டு வாத்தியம். நோயாளி நன்றி கூறி முடித்ததும் காரியதரிசி கைக்குட்டையை அசைப்பார், உடனே பாண்டு முழங்க வேண்டும் என்று ஏற்பாடு. அம்பகரத்தூரிலிருந்தும் சுரக்குடியிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள், அவரவர் வீட்டு வறட்சிக்கும் ஏதாவது கிடைக்கும் என்று. கமர் நிஷா மேடையில் மூன்று பக்கத் திரைக்கு நடுவே, வாய் மட்டும் தெரிய, துப்பட்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். காலடியில் தாவூது. அலாவுதீன் ஊசியை ஏற்றினார்.

ஊறியது. அவள் விழுங்குவதைத் தாவூது பார்த்தார். இப்போதே பாடிவிடு புள்ள என்று கிசுகிசுத்தார். அதற்குள் டாக்டர் குஞ்சிதபாதம் மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்துவிட்டார். சொந்தப் பேச்சு நிகழ்ச்சியில் இல்லை, முதலில் நன்றி என்றார்.

அவள் நன்றி கூறினாள். பாதியில் பெரிய அதிகாரியின் மோட்டார் வந்து நின்றது, அவர் கேட்கவில்லை என்பதால் முதலிலிருந்து கூறச் சொன்னார்கள். கூறினாள். போட்டோக்காரர் விளக்கு எரியவில்லை என்றார், வாய் திறந்த நிலையில் படம் வேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை கூறச் சொன்னார்கள். மாட்சிமை பொருந்திய, தொலைநோக்குள்ள, கருணை நிறைந்த என்ற சொற்களையெல்லாம் அவள் ஒவ்வொரு தடவையும் கூறினாள். ஒவ்வொன்றும் எவ்வளவு ஈரத்தைக் கொண்டுபோகிறது என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர் தாவூது ஒருவர்தான். ஐயா போதும், அவளை விட்டுவிடுங்கள் என்று தேம்பிக்கொண்டே காரியதரிசியின் காலைப் பிடித்தார். கூட்டம் அதை நன்றி என்று நினைத்துக் கைதட்டியது.

கடைசிச் சொல்லைக் கூறி முடித்தவுடனே அவள் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினாள். புருஷனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ராகம் பிசகாமல் இருக்க விரலால் மடியில் தாளம் போட்டுக்கொண்டு, ஆரம்பித்தாள்.

“வாப்பா…” என்று முதல் சொல் அவர் காதில் விழுந்தது. குழந்தை இழுப்பது போன்ற ஓர் இழுப்பு. அப்போது தெட்சிணாமூர்த்தி கைக்குட்டையை அசைத்தார்.

பாண்டு முழங்கியது. பெரிய மேளத்தை மேடைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். தாவூது எழுந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். கணவர் உணர்ச்சிவசப்பட்டு முன்னால் வருகிறார், படத்தை மறைக்கிறார் என்று யாரோ அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் உதடு அசைந்தது. நடுவில் ஓர் இடத்தில் சிரித்தாள், பாட்டில் சிரிப்பு வரும் இடம் போலிருக்கிறது. பிறகு ஏதோ ஒன்றை இரண்டு தடவை பாடினாள். தாளம் போட்ட விரல் நின்றது. பாண்டு அதற்குப் பிறகும் வெகுநேரம் வாசித்தது.

அலாவுதீன் ஊசியை எடுத்தார். தெட்சிணாமூர்த்தி அவற்றை வாங்கிப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டார். பெரிய அதிகாரி எழுந்து, வாய் என்பது மக்களாட்சியின் வாசல் என்று பேச ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில், வண்டிக்குள், கமர் நிஷா செம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். உதடு மறுபடியும் வெடிக்க ஆரம்பித்திருந்தது. “கேட்டுச்சா?” என்றாள். அந்த முகத்தில் இருந்த பயத்தை அவர் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சுமந்து, இத்தனை பேர் முன்னால் வாயைக் காட்டி இறக்கி வைத்த சுமை.

“கேட்டுச்சு புள்ள,” என்றார் தாவூது. “ஒரு சொல்லுகூட விடாம கேட்டுச்சு.”

அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்றிரவு அவள் உதடு அசையவில்லை. அதற்கடுத்த இரவும் அசையவில்லை.

நோக்கம் நிறைவேறிவிட்டதால் குழு கலைக்கப்பட்டது. நோயாளியின் கணவர் தேம்பி அழுததே முறையின் வெற்றிக்குச் சான்று என்று அறிக்கையில் எழுதினார்கள். டாக்டர் குஞ்சிதபாதத்துக்கு உயர்ந்த பதவி வந்தது. ஊசிப் பெட்டியை எந்த அலமாரியிலும் சேர்க்க முடியாமல் பல மாதம் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் பியூன் செல்லக்கண்ணுவிடம் கொடுத்து அலாவுதீனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் ஊசி. கமர் நிஷாவுக்கு உடம்பு தேறியது. சோறு தின்றாள், பேசினாள், பக்கத்து வீட்டாரோடு சண்டைகூடப் போட்டாள். சல்மாவைப் பற்றியும் பேசினாள். பாட்டைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. கொடுத்து முடித்த பொருளைப் பற்றி யார் பேசுவார்கள்? தாவூது எதிரே உட்கார்ந்து, என்றைக்காவது தன்னை மறந்து முனகமாட்டாளா என்று காத்திருந்தார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஊசி எடுத்து அலாவுதீன் போன பிறகு, தாவூது துணிந்து கேட்டுவிட்டார். அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடேன், ஆசையாக இருக்கிறது என்றார்.

கமர் நிஷா யோசித்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி யோசித்தாள்.

“வர மாட்டேங்குது, மச்சான். ஒங்கள்ட்ட சேத்த அன்னையோட மனசுக்குள்ள பாடுறத விட்டுட்டேன். இனி ஒங்கள்ட்ட பத்திரமா இருக்குன்னு விட்டுட்டேன். இப்பத் தேடிப் பாத்தா ராகமும் இல்ல, சொல்லும் இல்ல.” கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதனால என்ன, ஒங்களுக்குத்தான் தெரியுமே. நீங்க பாடுங்க. எனக்கும் பிள்ளை ஞாபகமா இருக்கு.”

கண்ணை மூடிக்கொண்டு, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்தாள்.

“வாப்பா…” என்று தாவூது ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.